துளைக்காம்பின் தடம்

அளத்தாங்கரையில் சண்முகக்கனியின் பாதங்கள் தரையை விட்டு நாலு விரல் உயரத்தில் நின்றுபோனது பங்குனி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மழைக்குச் சம்பந்தமே இல்லாத காலத்தில் மழை தூறிய அன்று; அதற்கு முன்னால் அவள் எங்களைப் போலத்தான் தரையில் நடந்தாள், எங்களைப் போலத்தான் அவள் குதிகாலும் உப்புத்தண்ணீரில் வெடித்துக் கிடந்தது, அந்த வெடிப்பில் மெழுகை உருக்கி ஊற்றிக்கொண்டுதான் அவளும் விடிந்ததும் பாத்திக்குள் இறங்கினாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளிடம் பிறவியிலேயே ஏதோ இருந்தது என்று பிற்பாடு பேசியவர்கள் உண்டு. ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மாதம்தான் ரோகிணி டீச்சர் நகரத்திலிருந்து ஒரு மரப்பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். சனங்களுக்குக் குடியுரிமை என்றால் என்ன, சபை என்றால் என்ன என்று விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கிற ஏதோ ஓர் அமைப்பு அவரை அனுப்பியிருந்தது. உப்புத் தொழிலாளர் சங்கக் கட்டிடத்தில் மூன்று ஞாயிறு விளையாட வேண்டும், டீயும் வடையும் உண்டு என்றார்கள், நாங்கள் அறுபது பேர் போனோம். பெட்டிக்குள் இருந்தது ஓர் ஊர். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டில் இருந்த ஏதென்ஸ் என்கிற ஊர். அந்த ஊர்க்காரர்களாக நாங்கள் மாற வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஒரு மண்பானைக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தோம். சிலருக்குக் குடிமகன் என்று வந்தது, சிலருக்கு வெளியூர்க்காரன் என்று வந்தது, சிலருக்குப் பெண் என்றும் சிலருக்கு அடிமை என்றும் வந்தது, மீசை வைத்த ஆம்பிளைகளுக்குப் பெண் சீட்டு வந்தபோது கட்டிடமே சிரித்தது. குடிமகன் சீட்டு வந்தவர்கள் மட்டும் வெள்ளைத்துண்டைத் தோளில் முடிந்துகொண்டு சபையில் பேசலாம், ஓட்டுப் போடலாம்.

"அப்போ மத்தவுக எல்லாம் என்ன செய்வாவ டீச்சர்?" என்று டீக்கடை சுடலைமணி கேட்டான்.

"வேலை செய்வாங்க" என்றார் டீச்சர்.

"அப்போ அது நம்ம ஊருதான்" என்றான் சுடலைமணி. அதற்கும் சிரித்தோம்.

சண்முகக்கனிக்குக் குடிமகன் சீட்டு வந்தது. அவள் புருஷன் மாசானத்துக்கும் அதுவே வந்தது. உப்பளத்தில் பாதியைக் குத்தகைக்கு எடுத்திருந்த பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்கு, எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேலை கொடுக்கிறவருக்கு, அடிமைச் சீட்டு வந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று அவர் கேட்கவில்லை. பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு வேட்டியை மடித்துக்கட்டி வாசலோரம் போய் நின்றார். நின்றவர் கையில் ஒரு செம்பையும் விசிறியையும் கொடுத்தார்கள், ஆட்டத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

இரண்டாவது ஞாயிறு துறைமுகத்தில் தானியக் கப்பல் வந்திருப்பதாக ஆட்டம். யாருக்கு எவ்வளவு என்று சபை முடிவு செய்ய வேண்டும். ஆளாளுக்கு எழுந்து தன் வீட்டுக்குக் கேட்டார்கள். சண்முகக்கனி எழுந்து, கப்பலிலிருந்து மூட்டையை இறக்கியவன் அடிமைதானே, முதல் படி அவனுக்கு அளந்துவிட்டு மிச்சத்தைப் பேசுவோம் என்றாள். அவள் அவ்வளவு நேரம் அத்தனை பேர் முன்னால் பேசி நாங்கள் பார்த்ததில்லை, கைதட்டி ஒத்துக்கொண்டோம். அதோடு உட்கார்ந்திருக்கலாம். தொண்டை காய்ந்துபோயிருந்ததோ என்னவோ, வாசல் பக்கம் திரும்பி, காலையில் பாத்திக்கரையில் நின்று பொன்னுலிங்கம் அண்ணாச்சி எங்களைக் கூப்பிடுகிற அதே குரலில், அதே இழுவையில், "ஏல, அங்க என்னல வாயப் பாத்துக்கிட்டு நிக்க, அந்தச் செம்ப இங்க கொண்டால" என்றாள். கட்டிடம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்துச் சிலர் தரையில் சரிந்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார், செம்பைக் கொண்டுவந்து குனிந்து கொடுத்தார், அவள் அண்ணாந்து குடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று செம்பை வாங்கிக்கொண்டு போனார். சிரிப்பை அவர் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை, டீ குடிக்கும்போதும் அது அங்கேயே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு ஆட்டத்தில் ஊர்ச் சோதனை. ஏதென்ஸில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாம்: தாயும் தகப்பனும் அந்த ஊரில் பிறந்தவர்களாக இருந்தால்தான் ஒருவன் குடிமகன், சந்தேகம் என்று யாராவது எழுந்து சொன்னால் சபை ஓட்டுப் போட்டு, இவன் நம்மாள், இவன் நம்மாள் இல்லை என்று தீர்க்கும். ஓட்டுப் போடுவதற்கு உலோக வில்லைகள் இருந்தன, ஒவ்வொரு வில்லையின் நடுவிலும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் காம்பு. ஒன்றுக்குக் காம்பு கெட்டியாக இருக்கும், அது நம்மாள் என்பதற்கு. இன்னொன்றுக்குக் காம்பில் துளை இருக்கும், அது நம்மாள் இல்லை என்பதற்கு. ஆளுக்கு இரண்டும் தருவார்கள். காம்பின் இரண்டு முனையையும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பொத்திப் பிடித்தால் எது துளை எது கெட்டி என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. வலது கையில் பிடித்ததைச் செம்புப் பானையில் போட வேண்டும், எண்ணுவது அதைத்தான். இடது கையில் மிஞ்சியதை மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். ரகசியம் காக்க அந்தக் காலத்திலேயே என்ன யோசித்திருக்கிறார்கள் பாருங்கள் என்றார் டீச்சர். உப்பில் ஊறிய கையை அவர் அறிந்தவரில்லை. எங்கள் விரல் அழுத்தினால் பள்ளம் விழும், விழுந்த பள்ளம் சாயங்காலம் வரைக்கும் எழும்பாது. துளைக்காம்பைப் பிடித்த கட்டைவிரலில் ஒரு மிளகு அளவுக்கு வட்டம் நிற்கும், கெட்டிக்காம்பைப் பிடித்ததில் வெறும் குழி நிற்கும். வலது கையைப் பார்த்தால் போதும். முதல் ஓட்டு முடிந்ததுமே அதை நாங்கள் கண்டுபிடித்துக்கொண்டோம், டீச்சரிடம் சொல்லவில்லை.

அந்த முதல் ஓட்டு சண்முகக்கனிக்கு விழுந்தது. சுடலைமணிதான் எழுந்தான், எழுவதற்கு முன்னால் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தான். எழுந்தவன் ஏதென்ஸைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்டது வேறு.

"மைனி, கோவிச்சுக்கிடாதிய. உங்க அப்பா அம்மா பொறந்தது அளத்தாங்கரையா?"

"கருங்காட்டூரு. ஒனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

"அப்போ நீங்க இந்த ஊரு இல்லையே."

"ஏல சுடலை, இங்க இருக்க பொம்பளையள்ல இந்த ஊர்லயே பொறந்து இந்த ஊர்லயே வாக்கப்பட்டவ எத்தன பேருன்னு கேளு. ஒங்க அம்மா எந்த ஊரு? சாயமலைதான? அவ பெத்த நீ எந்த ஊரு?"

நல்ல பதில். கைதட்டல்கூட விழுந்தது. ஆனால் கேள்வியும் பதிலும் பெட்டிக்குள் இருந்த ஊரை விட்டு எங்கள் ஊருக்கு வந்துவிட்டதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை, டீச்சரும் கவனிக்கவில்லை. ஓட்டுப் போட்டோம். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்கள்தான் வரிசையில் முதலில் போனார்கள், யோசித்தால் அடுத்து தன் பெயர் வந்துவிடும் என்பது போல வேகமாகப் போட்டுவிட்டு வந்தார்கள். முப்பது வில்லை விழுந்தது. துளை இருபத்துமூன்று, கெட்டி ஏழு. மாசானம் வந்து பொண்டாட்டி பக்கத்தில் நின்றபோது அவள் அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலில் வட்டம் இருந்தது.

"ஒமக்கு என்ன கேடு?" என்றாள்.

"வெளாட்டுதானட்டி" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் தகரக்கூரையில் நாலு சொட்டு விழுந்தது. உப்பு எடுத்து அம்பாரம் குவித்திருக்கிற மாதத்தில் கூரையில் சொட்டு விழுந்தால் எங்களுக்குக் காது வேறொன்றையும் கேட்காது, கல்யாணத்தில் தாலி கட்டும் நேரமானாலும் எழுந்து ஓடுவோம். "யாரும் போகாதீங்க, ஆட்டத்தை முடிச்சிட்டுப் போங்க, சீட்டைத் திருப்பிக் கொடுத்து உங்க பேரையும் ஊரையும் சொல்லி, விளையாடி முடிச்சேன்னு சொல்லணும், பெட்டியை மூடணும்" என்று டீச்சர் கத்தியது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது. அறுபது பேரும், குடிமக்கள் தோளில் முடிந்த துண்டோடு, அம்பாரத்தை நோக்கி ஓடினோம், கீற்றை இழுத்தோம், தார்ப்பாயை விரித்தோம். தூறல் ஐந்து நிமிஷத்தில் நின்றது. நனைந்த களிமண்ணில் எல்லார் கால் தடமும் கிடந்தது. சண்முகக்கனி ஓடிவந்த வழியில் மட்டும் மண் மழமழவென்று இருந்தது. அவள் அம்பாரத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாயின் நுனியைப் பிடித்தபடி நின்றாள், அவள் பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு நண்டு நிதானமாகக் கடந்து போனது.

ஊருக்குள் பேச்சு வந்ததும் பூசாரி பேச்சிமுத்துவைக் கூட்டிவந்தோம். அவர் தரையோடு தரையாகக் குனிந்து ஒரு நூலை அவள் காலுக்கடியில் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். கால் தரையில் பாவாதது இரண்டு பேருக்குத்தான், ஒன்று தெய்வம், இன்னொன்று பேய், எது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். தெய்வமாக இருந்தால் கண் இமைக்காது, மாலை வாடாது. அரளி மாலை ஒன்றைக் கழுத்தில் போட்டு அம்மன் கோயில் வாசலில் அவளை வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். அந்த ஒரு பகல் மட்டும் பெண்கள் சிலர் கற்பூரம் காட்டினார்கள், பிள்ளையில்லாத ஒருத்தி அவள் காலுக்கடியில் இருந்த காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் மாலை வாடிவிட்டது. இமைப்பதை எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களும் விட்டுவிட்டார்கள். பிறகு பேயா என்று பார்க்கச் சோறு வைத்தோம். இரண்டு தட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டாள், காலையிலிருந்து பட்டினி. தெய்வமும் இல்லை, பேயும் இல்லை என்றால் ஆட்டம்தான் காரணம் என்று பூசாரி சொல்லிவிட்டுத் தட்சிணையை எடுத்துக்கொண்டு போனார். காரணம் தெரிந்ததும் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. ஓட்டுப் போட்டு எண்ணிச் சொன்னதுதானே, ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் அரிசி, நீங்கள் நிற்கவில்லையே என்று சொல்லிவிட்டார்கள். அவள் பெண் வள்ளிமயில் போய் நின்று வாங்கிவந்தாள். செருப்பைக் கயிற்றால் காலோடு கட்டிப் பார்த்தாள், அது காலில் தொங்கியதே தவிரத் தரையைத் தொடவில்லை, அவிழ்த்து மகளிடம் கொடுத்துவிட்டாள். படுத்தால் பாய்க்கு நாலு விரல் மேலே கிடந்தாள். ஆரம்பத்தில் மாசானம் அந்த இடைவெளியில் கையை நுழைத்து முட்டுக் கொடுப்பது போல வைத்துக்கொண்டு தூங்கினான். சித்திரை முடிவதற்குள், கீழே காற்று ஓடுகிறது, குளிர்கிறது என்று கட்டிலை வாசலுக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டான். பிறந்த ஊருக்குப் போனால் கால் தரையில் பாவும் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிக் கருங்காட்டூருக்கும் போய்வந்தாள். அங்கேயும் அதே நாலு விரல்தான். அந்த ஊர் அவளைக் கல்யாணத்தன்றே அனுப்பிவைத்துவிட்டது, அவளை எண்ணிக் கணக்கில் வைத்திருக்க அதற்கு என்ன அவசியம்.

அவளால் என்ன பிரயோஜனம் என்பதைக் கண்டுபிடித்தது பொன்னுலிங்கம் அண்ணாச்சி. பாத்தியில் உப்பு முதலில் பூக்கும்போது தண்ணீர் மேலே பாலாடை மாதிரி மெல்லிசாக, தூசி தும்பில்லாமல் வெள்ளை வெளேரென்று நிற்கும். கால் வைத்தால் உடைந்து கலங்கிப்போகும் என்பதால் அதை யாரும் எடுத்ததில்லை. சண்முகக்கனியை ஒரு பாத்திக்குள் அனுப்பினார். அவள் அந்த ஆடைக்கு நாலு விரல் மேலே நடந்துபோய்ப் பலகையால் வழித்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாள், தண்ணீர் அலுங்கவில்லை. அந்த உப்புக்கு நகரத்தில் ஐந்து மடங்கு விலை கிடைத்தது. மூன்று பேர் செய்கிற வேலையை ஒருத்தி செய்தாள், காலில் புண் இல்லை, மெழுகு வேண்டாம், மாலை நாலு மணிக்கு மேல் வலிக்கிறது என்று உட்காருவதில்லை. வாரக் கடைசியில் கூலியைப் பாதியாகக் கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றாள்.

"நா கூலி குடுக்கதே காலு புண்ணாகுததுக்குத்தானம்மா. ஒனக்குத்தான் காலு புண்ணாகலையே" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் அவரிடம் இருந்தது. அவர் சொன்னதில் தப்பிருப்பதாக எங்களுக்கும் தோன்றவில்லை, எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டோம்.

ஒருத்தி போதவில்லை. பெட்டி சங்கக் கட்டிடத்தில் மூடாமல்தான் கிடந்தது, டீச்சர் மழையன்று பயந்துபோய்ப் பஸ் ஏறியவர் திரும்பி வரவில்லை, வில்லைகள் எல்லாம் சரியாக இருந்தன. அமாவாசைக்கு அமாவாசை அளத்துக்கு லீவு, அன்றைக்கு ஓட்டுப் போட்டோம். இப்போது சீட்டெல்லாம் கிடையாது, பதினெட்டு வயசானவர்கள் எல்லாரும் குடிமக்கள்தான், நாங்கள் ஏதென்ஸைவிட நியாயமாக நடத்தினோம். கடலோரத்திலிருந்து வந்து குடியேறிய தொம்மையின் பெயரை எடுத்தோம். குடிதண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று கேட்டு மனு எழுதியவனின் பெயரை எடுத்தோம். இரண்டு காதும் கேட்காத ஒருத்தியின் பெயரை எடுத்தோம், அவளுக்கு எதற்குக் கூட்டம் என்றே தெரியாது, ஓட்டு எண்ணி முடிந்ததும் தான் மேலே எழும்புவதைப் பார்த்து அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். தங்களுக்காகப் பேச ஆள் இருக்கிறவர்கள் பெயர் வரவே இல்லை என்பதை எல்லாரும் புரிந்துகொண்டோம். ஆவணிக்குள் பன்னிரண்டு பேர் ஆனார்கள். அத்தனை பாத்திகளுக்குள்ளும் அவர்களே போய்வந்தார்கள், நாங்கள் கரையில் நின்று வாங்கிக் குவிப்பதும் சாக்கில் அள்ளித் தைப்பதுமாக இருந்தோம். எங்கள் கைகள் பழையபடி ஊறித்தான் கிடந்தன. ஆனால் குதிகால்கள் ஆறின. பாட்டன் காலத்திலிருந்து வெடித்தே கிடந்த குதிகால்கள், மாசக்கணக்கில் ஒவ்வொரு வெடிப்பாக மூடி, தோல் கூடி, ஊரே ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்து ஒருவர் பாதத்தை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டோம்.

ஆடிக்காற்றில்தான் சிரமம். தரையில் பிடிப்பில்லாதவர்களைக் காற்று தள்ளியது. இடுப்பில் கயிறு கட்டிப் பாத்திக்கரையில் முளை அடித்து மறுமுனையை அதில் கட்டினார் அண்ணாச்சி, எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தான். தொம்மையின் கயிறு பழசு. ஒருநாள் மத்தியானம் அது அறுந்து, அவன் உமியைப் போலக் கரையைத் தாண்டிப் போனான், உப்பங்கழியைத் தாண்டிப் போனான், கடலுக்கு மேலே அதே நாலு விரல் உயரத்தில் நின்ற நிலையில் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டே போனான். கறுப்புப் புள்ளியாகிற வரைக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். மறுநாளே அண்ணாச்சி எல்லாருக்கும் நைலான் கயிறு மாற்றினார். அதுபோல மனசு யாருக்கு வரும் என்று பேசிக்கொண்டோம்.

சண்முகக்கனி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று வள்ளிமயில் சொன்னாள். அந்தப் பெண் முன்பு லீவு நாளில் அம்மாவோடு பாத்தியில் இறங்கிக்கொண்டிருந்தவள்தான். அம்மா மூன்று ஆள் வேலை செய்கிறாள், இனி இந்தப் பிள்ளை எதற்கு என்று அண்ணாச்சியே சொன்னதால் டவுன் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வெள்ளை வார் வைத்த செருப்பு வாங்கியிருந்தாள், கால் நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தாள், கையில் உப்பு பட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. ஆவணியில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அம்மாவுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. பஸ்ஸுக்கு அவள் நடந்துபோகும் சத்தத்தைக் கேட்பதற்காகவே கயிறு இழுக்கிற தூரம் வரைக்கும் வந்து கரையில் நிற்பாள்.

புரட்டாசியில் ரோகிணி டீச்சர் பெட்டியை எடுத்துப்போக வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி, கரையோரமாகக் கயிற்றில் பதினோரு பேர் மிதந்து வேலை செய்வதைப் பார்த்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சண்முகக்கனி பலகையைப் போட்டுவிட்டுக் கயிறு விட்ட தூரம் வரைக்கும் ஓடிவந்தாள்.

"டீச்சர், இது என்னைக்கு முடியும்?"

"நீங்க யாரும் முடிக்கவே இல்லையே" என்றார் டீச்சர். அழுதுகொண்டே சொன்னார். "எல்லாரும் வந்து அவங்கவங்க பேரையும் ஊரையும் சொல்லி, விளையாடி முடிச்சேன்னு சொல்லிப் பெட்டியை மூடினாப் போதும். பத்து நிமிஷம்."

பத்து நிமிஷத்தில் தன் கால் தரையில் பாவும் என்பதைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை எல்லாரும் பார்த்தோம். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மகள் கல்யாணத்தன்று முறுக்குச் சுட அடுப்புக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் என்று பக்கத்தில் மிதந்தவளிடம் சொன்னாளாம்.

அன்றைக்கே மத்தியானம் சங்கக் கட்டிடத்தில் கூடினோம். மிதப்பவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை, உள்ளே வரக்கூடாது. ஆனாலும் கேட்கட்டும் என்று பதினோரு கயிற்றையும் சன்னல் கம்பிகளில் கட்டிவிட்டோம், வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நின்றார்கள் என்றால் வழக்கமான உயரத்தில். டீச்சர் பெட்டிக்குப் பக்கத்தில் போய், முதலில் யார் பேரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். மாசானம் எழுந்தான். பொன்னுலிங்கம் அண்ணாச்சி கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார்.

"மூடணும்னா மூடுவோம் டீச்சர், நா வேண்டாம்னு சொல்லல. ஆனா நீங்க சொல்லிக்குடுத்த முறைப்படி செய்வோம். சபை தீர்மானிக்கட்டும்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மூடுனா நாளைக்குப் பாத்திக்குள்ள யாரு எறங்குவான்னு மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. நா எறங்க மாட்டேன், எனக்கு வயசாயிட்டு."

ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் பாதத்தைப் பார்த்தார்கள்.

"இது ஓட்டுப் போடுற விஷயமே இல்லைங்க" என்றார் டீச்சர். "அவங்க மனுஷங்க."

"அதத்தான டீச்சர் அன்னைக்கும் ஓட்டுப் போட்டோம்" என்றான் சுடலைமணி. கேலி இல்லை, நிஜமாகவே விளக்கம் கேட்டான்.

மூடலாம் என்பதற்குக் கெட்டிக்காம்பு, வேண்டாம் என்பதற்குத் துளைக்காம்பு என்று வைத்துக்கொண்டோம். வில்லை எங்களில் சிலருக்குத்தான் இருந்தது, போட்டு எண்ணி, திரும்ப எடுத்துக் கொடுத்து, நாலு சுற்றாகப் போட்டோம். ஒவ்வொருவரும் பானைக்குப் போகும் வழியில் சன்னல் பக்கம் நின்று, "உனக்காகத்தான் மைனி" என்றோ "கவலப்படாத அக்கா" என்றோ சொல்லிவிட்டுப் போனோம். வள்ளிமயிலுக்கு அதுதான் முதல் ஓட்டு. வில்லையை எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அம்மா சன்னலிலிருந்து அவளைப் பார்த்துத் தலையாட்டினாள், அவளும் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள், செருப்புச் சத்தம் கேட்க நடந்துபோய்ப் போட்டாள்.

இருநூற்றுப் பதினான்கு வில்லை. பதினோரு பேருக்கும் புருஷன், பொண்டாட்டி, பிள்ளை, கூடப்பிறந்தவர் என்று எண்ணினால் கூட்டத்தில் நாற்பது பேருக்குக் குறையாது. கெட்டிக்காம்பு ஒன்பது விழுந்தது. இரண்டு முறை எண்ணினோம், ஒன்பதுதான்.

டீச்சர் பெட்டியையாவது கொடுங்கள் என்றார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பெட்டியை எப்படிக் கொடுப்பது என்று மரியாதையாகவே சொன்னோம், டீ வாங்கிக் கொடுத்து நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். படியில் ஏறும்போது அவர் கால் படியைத் தொடுகிறதா என்று சிலர் குனிந்து பார்த்தார்கள். தொட்டது.

கட்டிடத்திலிருந்து கடைசியாக வெளியே வந்தது வள்ளிமயில். சன்னலைத் தாண்டிப் போகப் பார்த்தாள்.

"மயிலு, இங்க வா. கையக் காட்டு" என்றாள் சண்முகக்கனி.

"எதுக்கும்மா?"

"சும்மா காட்டுட்டி."

அவள் வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அம்மா எட்டி அந்தத் துணியை மெதுவாக விலக்கி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டைவிரலைத் திருப்பினாள். சிவப்புச் சாயம் பூசிய நகத்துக்கு மறுபக்கம், மெத்தென்ற சதையில், மிளகு அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. பக்கத்தில் கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்த நாங்களும் பார்த்தோம். பிறகு சண்முகக்கனி தன் வெடித்த விரலால் அந்த வட்டத்தை, பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசியைத் துடைப்பது போலத் தேய்த்தாள்.

"உப்புத்தண்ணி படாத கை. சீக்கிரம் மறைஞ்சிரும்" என்றாள். "அதுவரைக்கும் ஒங்க அப்பா கண்ணுல படாம வச்சுக்க. அவுக கையில குழிதான் கெடக்கு, நா பாத்துட்டேன்."

வள்ளிமயில் கையை உருவிக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலுக்குப் போவதற்குள் அவள் விரலில் ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். எங்கள் விரல்களில் அது அப்படியே நின்றது. அந்த விரல்களால்தான் சன்னல் கம்பியிலிருந்து பதினோரு முடிச்சையும் அவிழ்த்து, கயிற்றை இழுத்துக்கொண்டு அளத்துக்குப் போனோம், பொழுது சாய இன்னும் இரண்டு பாத்தி வழிக்கிற அளவுக்கு வெயில் இருந்தது.